கஞ்சி காய்ச்சாத வீடு

2025 ஜூலை 14, திங்கள்

மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து, வராமலே போய்விட்டது. துணியை மாடியில் போடுவதும் எடுப்பதுமாகக் காலை கழிந்தது.

என் வீட்டுக்காரர் சில்வெஸ்டரின் பெல்ட்டில் இன்று இன்னொரு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். ஆபரேஷனில் இரைப்பையில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். கட்டி முழுதும் போய்விட்டது, இனிப் பயமில்லை, உடம்பு தேறவேண்டியதுதான் பாக்கி என்று டாக்டர் மே மாதமே சொன்னார். அந்தப் பாக்கிதான் அப்படியே நிற்கிறது. இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தாலும் கால் இட்லிக்கு மேல் இறங்கவில்லை. பாலும் ரொட்டியும் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டி, படபடவென்று வந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித்தருகிற ஸ்வர்ணா போன் செய்தாள். கன்னடமும் தமிழும் மாறி மாறி, ஆனால் விஷயம் ஒன்றுதான்: ராகிக் கஞ்சி, நொய்க் கஞ்சி, உப்புப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க. "கஞ்சி குடுக்கறீங்கதானே ஆண்டி?" என்றாள். கொடுக்கிறேன் என்று பொய் சொன்னேன்.

இந்த வீட்டில் கஞ்சி காய்ச்சுவதில்லை. நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம் எனக்குக் காய்ச்சல். எழுந்து போய் ஒரு பிடி நொய்யை அடுப்பில் வைத்தேன். மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் சட்டியோடு எடுத்துப் பின்பக்கம் கொட்டிவிட்டு, பேக்கரியிலிருந்து பன் வாங்கிவர ஆள் அனுப்பினார். "நாங்க ரொட்டிக்காரங்க" என்றார். சில்வெஸ்டரின் கொள்ளுத்தாத்தா பட்டாளத்து ரொட்டி அடுப்பில் வேலை பார்த்தவராம். அந்தப் பெருமை என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் காக்ஸ் டவுனில் பெருமைக்கா பஞ்சம்.

ஜூலை 16

கஞ்சி காய்ச்சி மேசையில் வைத்தேன். எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். ஆறிப்போனதை நானே குடித்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கூப்பிட்டார். வருகிற வருஷத்தோடு தாது வருஷப் பஞ்சம் வந்து நூற்றைம்பது வருஷம் ஆகிறது. அந்தச் சமயம் நம் கோவில் வளாகத்தில், இப்போது வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், கஞ்சித்தொட்டி வைத்து ஊற்றினார்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். எழுதிவைத்தது ஒன்றும் இல்லை. வீடு வீடாகப் போய், வழிவழியாகச் சொல்லிவந்ததைக் கேட்டுத் தொகுத்து ஒரு சின்னப் புத்தகமாகப் போடலாம் என்கிறார். "நீங்க தமிழ் சொல்லிக்குடுத்தவங்க, பெட்டி டீச்சர். உங்கள விட்டா யாரு இருக்காங்க?" ரிட்டயர் ஆன டீச்சரைப் பிடிக்க எல்லோரும் போடுகிற தூண்டில் இது.

சரி என்றேன். வீட்டை விட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போக ஒரு சாக்குக் கிடைத்தது என்பதுதான் நிஜம். எந்நேரமும் அவர் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஜூலை 26

முதலில் தெருமுனை வீட்டு ஜெயராமன் சார். அவர்கள் நம் கோவிலைச் சேர்ந்தவர்கள் இல்லை, தலைமுறை தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். காபி கொடுத்து உட்காரவைத்து நிறையச் சொன்னார். எறும்புப் புற்றைத் தோண்டி, எறும்பு சேர்த்துவைத்த தானியத்தை எடுத்துப் புடைத்துத் தின்றார்களாம். கள்ளிப்பழம் தின்று தின்று வாயெல்லாம் சிவந்து திரிந்தார்களாம்.

யார் என்று கேட்டேன்.

"வெளியூர்லேந்து வந்தவா. உங்க கோவில் பக்கத்து ஜனங்கள்தான். எங்காத்துல பசின்னு யாரும் சொன்னதில்லை மேடம். எங்களது கொடுத்த கை."

வாசலில் அண்டா வைத்து ஊற்றினார்களாம். அதை மட்டும் கண்டிப்பாகப் போடச் சொன்னார்.

ஆகஸ்ட் 2

பக்கத்து வீட்டுச் சரளா. இருபது வருஷமாகத் தினம் பேசுகிறோம், இதை ஒரு நாளும் பேசியதில்லை. அவர்கள் வீட்டில் மத்தியானம் சாப்பிடும்போது முன்கதவைத் தாழ்போடுவார்கள். யார் பெல் அடித்தாலும், சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் திறப்பார்கள். நான் கிண்டல் செய்திருக்கிறேன். அது அந்தக் காலத்துப் பழக்கமாம். அப்போது அவர்கள் வீட்டில் இரண்டு மூட்டை கேழ்வரகு இருந்திருக்கிறது. புகை தெரியக்கூடாது என்று இருட்டின பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார்கள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "ஒரு நாளு சாப்ட்டு முடிச்சுக் கதவத் தொறந்தா, வெளிய சாஞ்சு உக்காந்திருந்த ஒருத்தி அப்படியே உள்ள விழுந்தாளாம். உயிர் இல்ல."

பிறகு அவளே, "ஆனா தொட்டிக்கெல்லாம் எங்காளுங்க போகல. அது அந்தப் பேக்கரில வேல பாக்கற விஜி குடும்பம்" என்றாள்.

ஆகஸ்ட் 9

இந்த வாரம் இன்னும் நாலைந்து வீடு. எல்லோருக்கும் பஞ்சம் ஞாபகம் இருக்கிறது. பிணவண்டி ஞாபகம் இருக்கிறது. குழந்தையை முதுகோடு துணியால் கட்டிக்கொண்டு நடந்து வந்தவள் ஞாபகம் இருக்கிறது. ஆனால் யார் வீட்டிலும் யாரும் பசித்திருக்கவில்லை. பஞ்சம் எல்லா வீட்டுக்கும் பக்கத்து வீட்டில்தான் வந்திருக்கிறது. தொட்டியில் வாங்கிக் குடித்தது யார் என்றால் மட்டும் எல்லோரும் ஒரே கையாக விஜி குடும்பத்தைக் காட்டுகிறார்கள். தொட்டி வீடு என்றே அதற்குப் பேர்.

ராத்திரி இவரிடமும் கேட்டேன். பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "நாங்க பட்டாளத்தோட வந்தவங்க. ரொட்டி அடுப்பு. அத எழுதிக்கோ" என்றார்.

எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பாத்ரூமில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அடி இல்லை. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க டிரிப். இப்படியே போனால் அடுத்த மாதம் குழாய் வைத்துத்தான் உணவு ஏற்றவேண்டும் என்கிறார் டாக்டர். ஹெப்பகோடியிலிருந்து மகள் லவினாவும் மாப்பிள்ளை அருண்குமாரும் ஓடிவந்தார்கள். அவள் சமையலறையில் நின்று அழுதாள். "கஞ்சி குடிச்சா என்ன மம்மி? டாடிக்கு அப்படி என்ன பிடிவாதம்?"

எனக்கு மட்டும் என்ன தெரியும்? இந்த வீட்டில் எனக்கு யார் என்ன சொன்னார்கள்?

ஆகஸ்ட் 23, சனி

இன்று விஜியைப் பார்த்தேன். பிரேசர் டவுனில் ஒரு பேக்கரியில் பில் போடுகிறாள். என்னிடம் எட்டாம் வகுப்பில் தமிழ் படித்தவள். மற்றப் பிள்ளைகள் 'தொட்டி, தொட்டி' என்று கூப்பிடுவார்கள், நான் அதட்டுவேன். கடைக்குப் பின்னால் பெஞ்சில் உட்காரவைத்து டீ வரவழைத்தாள்.

"ஆமா மிஸ், குடிச்சாங்க. குடிக்கலன்னா நான் எங்க இருந்து வந்திருப்பேன்?"

இவ்வளவு வீட்டில் இதுதான் முதல் ஆமாம்.

அவளுடைய பாட்டிக்குப் பாட்டி அன்னம்மா. தொட்டியில் ஒரு சட்டம் இருந்ததாம். உள்ளே வரிசையாக உட்கார்ந்து அங்கேயே குடித்துவிட வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது. வாசலில் தடியோடு ஒரு ஆள் நிற்பான். ஒவ்வொருவர் கையையும் விரித்துப் பார்த்து அனுப்புவான். நடந்து வரத் தெம்புள்ளவர்களுக்குத்தான் கஞ்சி. நடக்கமுடியாதவர்கள் வெளியே கிடக்கவேண்டியதுதான். அன்னம்மாவின் மகன் அப்படிக் கிடந்தான். அவள் புடவை முந்தானையைக் கஞ்சியில் முக்கி, சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்து, அவன் வாயில் பிழிவாளாம்.

"அந்தப் பையன்தான் மிஸ் எங்க வம்சம்."

பேர் போடலாமா என்று கேட்டேன். தாராளமாகப் போடச் சொன்னாள். மறைக்க என்ன இருக்கிறது, ஊருக்கே தெரிந்ததுதானே என்றாள். வரும்போது ரஸ்க் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள்.

ஆகஸ்ட் 24

விஜி சொன்னதை இவரிடம் சொன்னேன். சும்மா, பொழுதுபோக்காகத்தான். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"துணியில நனைச்சா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "துணியிலயா?"

பிறகு போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானம் ஒன்றும் சாப்பிடவில்லை. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காலையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தார். ரொட்டி அடுப்பெல்லாம் பின்னால் வந்தது என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதை மறக்கும் முன் எழுதிவிடுகிறேன்.

கொள்ளுத்தாத்தா சூசை பட்டாளத்தோடு வரவில்லை. அப்போது அவருக்குச் சூசை என்ற பேரே கிடையாது. ஆரணிப் பக்கத்திலிருந்து நடந்து வந்தார். கூட மனைவி. கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. கண்டோன்மெண்டுக்கு வந்து சேரும்போது அந்தப் பெண்ணால் நிற்க முடியவில்லை. ஒரு இடிந்த சுவர் நிழலில் அவளைப் படுக்கவைத்துவிட்டு இவர் மட்டும் தொட்டிக்குப் போனார். கொண்டுபோகக் கூடாது என்ற சட்டம் அவருக்கும்தான். இடுப்பில் ஒரு கோவணம். நனைத்துக்கொண்டுபோகத் துணி கிடையாது.

அதனால் கடைசி வாய்க் கஞ்சியை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு வெளியே வருவாராம். தடிக்காரன் கையைத்தான் பார்ப்பான், வாயைப் பார்க்கமாட்டான். அப்படியே நடந்து போய், பறவை குஞ்சுக்கு ஊட்டுகிற மாதிரி, அவள் வாயில் விடுவாராம். சில நாள் அப்படி நடந்தது.

ஒரு நாள் வழியில் விழுங்கிவிட்டார்.

திரும்ப ஓடிப்போய்க் கேட்டார். ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் என்று துரத்திவிட்டார்கள். வெறும் வாயோடு அவளிடம் போனார். அவர் வருகிற சத்தம் கேட்டு அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாளாம். மறுநாள் விடியும்போது அவள் இல்லை.

அதற்குப் பிறகுதான் ரொட்டி அடுப்பு, ஞானஸ்நானம், இன்னொரு கல்யாணம், பிள்ளைகள். சாகிறவரைக்கும் அவர் கஞ்சி குடிக்கவில்லை, வீட்டில் காய்ச்சவும் விடவில்லை. காரணத்தை மகனுக்கு மட்டும் சொன்னார். அவர் தன் மகனுக்கு. இப்படி ஆண்களுக்கு மட்டும் சொல்லிவந்திருக்கிறார்கள். பெண்களுக்கு 'காய்ச்சாதே' என்பது மட்டும்தான். என் சட்டியைக் கொட்டிய மாமியாருக்கே எதற்குக் கொட்டுகிறோம் என்று தெரியாது. எங்களுக்குப் பையன் இல்லை. அதனால் இவர் யாரிடமும் சொல்லவில்லை.

"அவரு விழுங்காம இருந்திருந்தா அந்தம்மா ஒருவேள பொழச்சிருக்கும். நாங்க யாருமே பொறந்திருக்க மாட்டோம். கஞ்சி வாய்கிட்ட வந்தாலே எனக்கு அதுதான் ஞாபகம் வரும், பெட்டி. இது யாரோட பங்குன்னு தோணுது."

அவள் பேர் என்ன என்று கேட்டேன். தெரியாது என்றார். அப்பா சொல்லவில்லை, தாத்தாவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27

புத்தகத்தில் போடக்கூடாது என்றார். போடமாட்டேன் என்றேன். இது என் நோட்டு, இது கணக்கில் வராது.

ஆகஸ்ட் 30

கோபமா வருது. முப்பது வருஷத்துக்கு மேல ஒரே வீட்ல ஒரே அடுப்புல சமைச்சுப் போட்டிருக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன? பெரிய வெள்ளிக்கிழம கோவில்ல கஞ்சி ஊத்தும்போது இவரு மட்டும் எழுந்து வீட்டுக்கு வந்துடுவாரு. நான் எல்லாருக்கும் தலவலின்னு சொல்லிச் சமாளிப்பேன். எத்தன வருஷம் சமாளிச்சேன்! ஆம்பளைங்களுக்கு மட்டும் சொல்றதாம். செத்தது ஒரு பொம்பள.

செப்டம்பர் 4

மனதில் இருந்ததை இன்று சொல்லிவிட்டேன். சத்தம் போடவில்லை. இட்லித் தட்டை அப்படியே நகர்த்தி வைத்தார், அப்போதுதான்.

"உங்க கொள்ளுத்தாத்தா கஞ்சியச் சொமந்தது அவளுக்காக. நீங்க குடிக்காம இருக்கறது யாருக்காக? அவளுக்கு இனிமே பசி இல்லீங்க. அந்தச் சொவத்துப் பக்கத்துல உங்களுக்காகக் காத்துக்கிட்டு இப்ப நான்தான் உக்காந்திருக்கேன்."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

காலையில், பல் தேய்த்துவிட்டு வந்து, "காய்ச்சு" என்றார்.

நொய், தண்ணீர், உப்பு. வேறொன்றும் போடவில்லை. உப்புக் கூடிப்போய்விட்டதோ என்று பயம். ஒரு ஸ்பூன் எடுத்தார். வாயில் வைத்துக்கொண்டார். விழுங்கவில்லை. கன்னம் லேசாக உப்பியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். என்னால் பார்க்கமுடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போன பிறகு திரும்பினேன். தொண்டை அசைந்தது.

மூன்று ஸ்பூன் குடித்துவிட்டுப் போதும் என்றார்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 8

மாதா திருநாள். சிவாஜிநகர் மாதா கோவில் பக்கம் பஸ்ஸே போகவில்லையாம், அவ்வளவு கூட்டம். இந்த வருஷம் போகவில்லை. வீட்டிலேயே செபமாலை. அரை டம்ளர் குடித்தார்.

செப்டம்பர் 21

ராகிக் கஞ்சி ஒத்துக்கொள்கிறது. வேர்ப்பது இல்லை, தலைசுற்றல் குறைந்திருக்கிறது. குழாய் பேச்சை டாக்டர் எடுக்கவில்லை. "நான் சொன்னேன்ல ஆண்டி" என்கிறாள் ஸ்வர்ணா. ஆமாம்மா, நீ சொன்னாய்.

ஒவ்வொரு தடவையும் முதல் ஸ்பூனைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்துக்கொள்கிறார். நான் கேட்பதில்லை.

அக்டோபர் 6

எழுதினதைச் சாமியாரிடம் கொடுக்கும் முன் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஜெயராமன் சார் அண்டாவை இன்னும் பெரிதாக்கச் சொன்னார். சரளா தன் வீட்டுக் கதையை எடுத்துவிடச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தி வீட்டார் படிப்பார்களாம். எடுத்துவிட்டேன். மீதி எல்லாம் கொடுத்த கைகள். குடித்த வாய் என்று புத்தகத்தில் இருப்பது விஜி வீடு மட்டும். சாமியார் படித்துவிட்டு, மனசுக்கு நிறைவாக இருப்பதாக இன்னும் இரண்டு கதை சேர்க்கலாமே என்றார்.

நிறைவாக என்ன இருக்கிறது அதில், தேடிப் போட?

அக்டோபர் 12, ஞாயிறு

மேசையில் கிடந்த தாள்களை இவர் எடுத்துப் படித்திருக்கிறார். நான் குளித்துவிட்டு வந்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"வரிசையில அந்த விஜிப் பொண்ணு மட்டும் தனியா நிக்குது" என்றார். "எங்களயும் போடு."

லவினா படிப்பாள், அவள் மாமியார் வீட்டில் படிப்பார்கள், சரளா படிப்பாள் என்றேன். படிக்கட்டும் என்றார்.

உட்கார்ந்து எழுதினேன். பக்கத்திலேயே இருந்தார். 'ஒரு நாள் வழியில் தவறி விழுங்கிவிட்டார்' என்று எழுதியிருந்தேன். பேனாவை என் கையிலிருந்து வாங்கி 'தவறி'யை அடித்தார்.

"தவறி இல்ல. பசியில விழுங்கினாரு. அப்படியே எழுது."

அப்படியே எழுதினேன்.

அக்டோபர் 15

லவினாவுக்குப் போனில் அனுப்பினேன். ஆபீஸிலிருந்து கூப்பிட்டாள். "அவங்களுக்குப் பேரே இல்லையா மம்மி?" என்றாள். நான் கேட்ட அதே கேள்வி. அவள் அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டு நான் மாடிக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 29

கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர்கள் பேர் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு வருஷமும் நான்தான் போய்க் கொடுப்பேன். இன்று இவரே கிளம்பினார். சாமியாரிடம் கேட்டது இதுதான்: பேர் தெரியாதவர்களுக்குச் செபிக்கலாமா, ஞானஸ்நானம் வாங்காதவர்களுக்குச் செபிக்கலாமா. சாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, செபிக்கலாம், யாரென்று மட்டும் சொல்லுங்கள் என்றாராம்.

வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் நடந்து போய் நடந்தே வந்திருக்கிறார்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். தூறிக்கொண்டே இருந்தது. கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினால் நிற்கவில்லை, அருண்குமார் குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றினார். பூசையில் சாமியார் பேர்களைப் படித்துக்கொண்டே வந்தார். இவர் அப்பா, அம்மா. என் அப்பா, அம்மா. பிறகு, "சூசையின் முதல் மனைவி" என்றார். ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் நடுவில் விடுகிற இடைவெளிதான் விட்டார். அடுத்த பேருக்குப் போய்விட்டார். லவினா என் விரலைப் பிடித்துக்கொண்டாள். இவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன் வரிசையிலிருந்து சரளா திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்திருக்கும், புத்தகத்தின் புதுப் பக்கங்களை நேற்றுத்தான் படிக்கக் கொடுத்தேன். விஜி எதிர்ப்பக்கம் தூண் ஓரமாக நின்றிருந்தாள். கண் பட்டதும் தலையை அசைத்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்தால் சரளா படியருகில் காத்திருக்கிறாள். என்னிடம் பேசவில்லை, இவரிடம்தான் பேசினாள்.

"அண்ணா, எங்க வீட்டுக் கதவுகிட்ட உக்காந்திருந்தவளுக்கும் பேர் தெரியாது. அடுத்த வருஷம் அவளயும் சேக்கச் சொல்லலாமா?"

"அடுத்த வருஷம் எதுக்கும்மா? சாயங்காலப் பூசை இருக்கு. சாமியார் உள்ளதான் இருக்காரு, வா" என்றார் இவர்.

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். குடை பிடித்தபடி படியில் நின்றேன். திரும்பி வரும்போது சரளா முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அந்தக் கதையையும் புத்தகத்தில் மறுபடி போட்டுவிடு என்றாள். சம்பந்தி வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

லவினாவும் மாப்பிள்ளையும் வண்டியில் போனார்கள். நாங்கள் இருவரும் ஆட்டோ. மழை பலத்துப் பிடித்துக்கொண்டது, சிக்னலில் நின்றோம். இவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"பசிக்குது, பெட்டி. வீட்ல என்ன இருக்கு?" என்றார்.

இட்லி மாவு இருக்கிறது, போனதும் ஊற்றித் தருகிறேன் என்றேன். ஆட்டோக்காரரிடம், கொஞ்சம் சீக்கிரம் போங்க என்றேன்.